முதல் பத்து நிமிடம்: படங்களின் ஆரம்பக் காட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிறோம். வெள்ளையடித்த சுவர், ஒரு புரொஜெக்டர், இருபது நாற்காலி, ஒரு பிளாஸ்க் நிறையத் தேயிலை. ஒரு படத்தின் முதல் பத்து நிமிடத்தை மட்டும் போட்டு நிறுத்திவிடுவோம். அப்புறம் பேச்சு. பேசி முடித்ததும் அதே பத்து நிமிடத்தை இன்னொரு தடவை பார்ப்போம். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சில படங்களின் முடிவையும் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் ஆரம்பத்தைப் பற்றிப் பேச முடியாது.

ஆரம்பக் காட்சி என்று எதைக் கணக்கில் எடுக்கிறீர்கள்? டைட்டில் சேருமா?

சென்சார் சான்றிதழ், புகையிலை எச்சரிக்கை, நன்றி கார்டு எல்லாம் போன பிறகு, படம் தன் கதைக்குள் முதல் அடி வைக்கிற இடம்தான் ஆரம்பக் காட்சி. அது டைட்டிலுக்கு முன்னால் வரலாம், பின்னால் வரலாம், டைட்டில் ஓடும்போதே பின்னணியில் நடக்கலாம்.

சில படங்களில் கம்பெனிச் சின்னமே ஒரு காட்சிதான். 1958-இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில் எம்.ஜி.ஆரின் சொந்தக் கம்பெனிச் சின்னமாக ஓர் ஆணும் பெண்ணும் கட்சிக் கொடியைப் பிடித்தபடி நிற்பார்கள். மன்னராட்சிக் கதை தொடங்கும் முன்பே, இதை எடுத்தவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். அதையும் நாங்கள் சேர்த்துக்கொள்வோம்.

முழுப் படத்தையும் போடலாமே? ஆரம்பத்தின் மேல் ஏன் இவ்வளவு பிடிவாதம்?

இதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் தோவாளை. அம்மா பூ கட்டுவார். சினிமாவுக்குப் போகும் நாளிலும் கையில் இருக்கும் பூவைக் கட்டி முடித்து, சரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் வீட்டைப் பூட்டுவார். அப்புறம் பஸ் வர வேண்டும், வடசேரியில் இறங்கி நடக்க வேண்டும். சாயங்கால ஆட்டத்துக்கு நாங்கள் போய்ச் சேரும்போது எப்போதும் படம் ஓடிக்கொண்டிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் பிறர் முட்டியில் இடித்துக்கொண்டே உட்காருவோம். பத்துப் பன்னிரண்டு வயது வரை ஒரு படத்தின் ஆரம்பத்தையும் நான் தியேட்டரில் பார்த்ததில்லை. படம் என்றாலே நடுவிலிருந்து தொடங்குவது என்றுதான் நினைத்திருந்தேன்.

1991 தீபாவளிக்கு வந்த 'தளபதி'யையும் அப்படித்தான் பார்த்தேன். அதில் கோயிலில் ஒரு காட்சி. ரஜினி ஒரு பக்கம், ஸ்ரீவித்யா ஒரு பக்கம். தூரத்தில் ரயில் சத்தம் கேட்கும். இரண்டு பேரும் அப்படியே நின்றுவிடுவார்கள். அவர் அம்மா, இவர் மகன் என்பது பின்னால் வசனத்தில் வந்துவிட்டது. கதை எனக்குப் புரிந்தது. அந்த ரயில் மட்டும் புரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன். "ரயில் சத்தம் கேட்டா யாருதான் திரும்பிப் பாக்க மாட்டா மக்கா" என்றார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ரயில் போகிற ஊரில் வளர்ந்த எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

கல்லூரி நாளில் விடுதி டிவியில் அதே படத்தை முதலிலிருந்து பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் தொடங்குகிறது. போகிப் பண்டிகை நாள். ஒரு சின்னப் பெண், அவளே குழந்தை மாதிரி இருக்கிறாள், பெற்ற பிள்ளையை ஓடுகிற கூட்ஸ் ரயிலில் வைத்துவிட்டு நிற்கிறாள். வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்ததும் பல வருடத்துக்கு முந்தைய அந்தக் கோயில் காட்சி எனக்குள் மறுபடி ஓடியது. விடுதியில் எல்லோர் முன்னாலும் அழுதேன்.

கதை தெரிவது ஒன்று, நினைவு இருப்பது இன்னொன்று. விவரத்தைப் படத்தின் எந்த இடத்திலும் ஒரு பாத்திரம் வாயால் சொல்லிவிடலாம். நினைவை அப்படிக் கொடுக்க முடியாது. நல்ல ஆரம்பக் காட்சி பார்க்கிறவருக்குள் ஒரு நினைவை வைத்துவிடுகிறது. பிறகு வருகிற இரண்டு மணி நேரமும் அதைத் தொட்டுத் தொட்டு எழுப்புகிறது. ரயில் கூவும்போது அந்தத் தாய்க்கு என்ன ஆகிறதோ அதே நமக்கும் ஆகிறது, ஏனென்றால் நாமும் அன்றைக்கு அந்தத் தண்டவாளத்தின் பக்கத்தில் நின்றோம். நான் இழந்தது அதைத்தான். அதனால்தான் இந்தப் பிடிவாதம்.

உங்களுக்கு மிகவும் பிடித்த ஆரம்பக் காட்சி எது?

'16 வயதினிலே'. 1977, பாரதிராஜாவின் முதல் படம். ஸ்ரீதேவி நடித்த மயிலு ரயில்வே ஸ்டேஷனில் ஒருவருக்காகக் காத்திருக்கிறாள். அங்கிருந்து கதை பின்னால் போகிறது. பாவாடை தாவணியில் ஓடியாடும் பெண், சப்பாணி, பரட்டை, டவுனிலிருந்து வரும் டாக்டர் என்று எல்லோரும் வந்து போய், கடைசியில் மறுபடி அதே ஸ்டேஷன், அதே காத்திருப்பு.

முதல் தடவை பார்க்கும்போது அவள் யாருக்காக நிற்கிறாள் என்று நமக்குத் தெரியாது. வண்டியில் யாரைத் தேட வேண்டும் என்றே தெரியாமல் அவளோடு சேர்ந்து நாமும் தேடுகிறோம். கடைசியில் அதே பிளாட்பாரத்துக்கு வரும்போது, யார் இறங்க வேண்டும் என்று தெரிந்து தேடுகிறோம். இடம் மாறவில்லை, பார்க்கிற கண்தான் மாறியிருக்கிறது.

எங்கள் மாடியில் இதைப் போட்ட அன்று ஓர் அக்கா வந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் பல வருடமாக வளைகுடாவில் வேலை செய்கிறவர். குமரி மாவட்டத்தில் அப்படி வீட்டுக்கு ஒருவர் இருக்கிற தெருக்கள் உண்டு. அவர் சொன்னார்: "யாருக்காக நிக்குதான்னு தெரியல. ஆனா காத்துக் கெடக்கிறவ நிக்கிற நிலை இதுதான்." அதற்கு மேல் அன்றைக்கு நாங்கள் அதிகம் பேசவில்லை.

பழைய படங்களையே சொல்கிறீர்கள். சமீபத்தில் எதுவும் இல்லையா?

இருக்கிறது. மாரி செல்வராஜின் இரண்டு படங்களை நான் எங்கும் சொல்வேன்.

'பரியேறும் பெருமாள்' (2018) வேட்டை நாய்களோடு தொடங்குகிறது. பையன்களும் நாய்களும் வெயிலில் குட்டையில் இறங்கிக் குளிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். வேறு சிலர் வருவதைப் பார்த்ததும் எழுந்து கிளம்பிவிடுகிறார்கள். வந்தவர்கள் அந்தத் தண்ணீரில் சிறுநீர் கழிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கருப்பி என்ற நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டு ரயில் ஏறிச் சாகிறது. சாதி என்ற சொல்லை விளக்கி ஒரு வசனம் வைக்க வேண்டிய தேவையே இயக்குநருக்கு இல்லாமல் போகிறது. பரியன் பிறகு சட்டக் கல்லூரிக்குப் போகிறான், ஆங்கிலம் தெரியாமல் தவிக்கிறான், ஒரு பெண்ணின் நட்பு கிடைக்கிறது. ஒவ்வொரு நல்லது நடக்கும்போதும் நமக்கு மட்டும் அந்தத் தண்டவாளம் ஞாபகத்தில் இருக்கிறது.

'கர்ணன்' (2021) இன்னும் நேரடி. நடுரோட்டில் ஒரு சிறுமி வலிப்பு வந்து துடிக்கிறாள். இரண்டு பக்கமும் பஸ் போகிறது, வண்டி போகிறது, எதுவும் நிற்கவில்லை. மேலிருந்து பார்க்கிறது கேமரா. பிள்ளை அங்கேயே உயிரை விடுகிறது, பின்பு தெய்வ முகத்தோடு எழுகிறது. அந்த ஊருக்குப் பஸ் நிறுத்தம் இல்லை என்பதுதான் படத்தின் சிக்கல். அதை ஒரு மனுவாகவோ பஞ்சாயத்துப் பேச்சாகவோ தொடங்கியிருந்தால் நாம் செய்தி மாதிரி கேட்டிருப்போம். பின்னால் ஊர்க்காரர்கள் ஒரு பஸ்ஸை அடித்து நொறுக்கும்போது அது அநியாயம் என்று நம்மால் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை ரோட்டில் கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

ஹீரோ என்ட்ரியும் இன்ட்ரோ பாட்டும் ஆரம்பக் காட்சி ஆகாதா?

அது ஒரு திருவிழா. எனக்கும் பிடிக்கும். 1992-இல் 'அண்ணாமலை'யில் புள்ளி புள்ளியாக எழுத்துகள் வந்து சூப்பர் ஸ்டார் என்று நின்றபோது, தேவாவின் அந்த இசைக்குத் தியேட்டரில் எழுந்த சத்தத்தை மறக்க முடியாது. 'பாட்ஷா'வில் ஆயுத பூஜைக்கு ஆட்டோக்காரர்களோடு ஆடுகிற பாட்டும் அப்படியே. அந்தப் பாட்டு கதைக்கும் வேலை செய்கிறது: இவ்வளவு சாதுவாக, எல்லோருக்கும் அண்ணனாக இருக்கிற ஆள் என்று நம்ப வைத்த பிறகுதான் பாட்ஷா வெளியே வருகிறார்.

ஆனாலும் என்ட்ரி என்பது நடிகருக்கும் ரசிகருக்கும் நடுவில் நடப்பது. ஆரம்பக் காட்சி கதைக்கும் நமக்கும் நடுவில் நடப்பது. இரண்டும் ஒன்றாகிற அபூர்வமான இடங்கள் உண்டு. 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் ரஜினிகாந்த் ஒரு கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு வருவது படத்தின் தொடக்கம் இல்லை என்றாலும், ஒரு நடிகரின் மொத்தத் திரை வாழ்க்கைக்கும் அது ஆரம்பக் காட்சி ஆகிவிட்டது.

முடிவை முதலிலேயே காட்டிவிட்டுப் பிளாஷ்பேக் போவது பலவீனமான உத்தி இல்லையா?

சோம்பேறித்தனமாகச் செய்தால் பலவீனம்தான். ஒரு விபத்தையோ துப்பாக்கிச் சூட்டையோ காட்டிவிட்டு 'மூன்று மாதங்களுக்கு முன்' என்று போடுகிற படங்கள் எத்தனையோ. அங்கே முதல் காட்சி ஒரு தூண்டில் மட்டுமே.

'சுப்ரமணியபுரம்' (2008) வேறு. ஜெயிலிலிருந்து ஒருவர் வெளியே வருகிறார், வாசலிலேயே கத்தி இறங்குகிறது. யார் என்று நமக்குத் தெரியாது. உடனே 1980-க்குப் போகிறோம். ஐந்து நண்பர்கள், டீக்கடை, திருவிழா, கண்ணாலேயே நடக்கிற காதல். இவர்களில் யாரோ ஒருவனுக்கு அந்த வாசல் காத்திருக்கிறது என்ற பயம் சிரிப்புக் காட்சிகளுக்கு அடியிலும் ஓடிக்கொண்டே இருக்கும். 'முதல் மரியாதை' (1985) ஊரே கூடி நிற்க மரணப் படுக்கையில் கிடக்கும் மலைச்சாமியோடு தொடங்குகிறது. அந்த உயிர் எதற்காக இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்பதுதான் முழுப் படமும். இப்படி வந்தால் தாராளமாகக் கடைசியை முதலில் காட்டலாம்.

குமரி மாவட்டத்தில் எடுத்த படங்களைப் பற்றிப் பேசுவதுண்டா?

எப்போதும் பேசுவோம். முட்டம் கடற்கரையைத் தமிழ்நாடு முழுக்க அறிய வைத்தவை பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) ஆகிய இரண்டும். அந்தப் பாறையும் செம்மண்ணும் தேவாலயமும் எங்களுக்குத் தினமும் பார்க்கிற இடம். திரையில் வரும்போது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோவைப் பார்ப்பது போல, கதையை விட்டுவிட்டு "அந்தா, நம்ம எடம்" என்று கை நீட்டுவார்கள். அதனால் முட்டம் படங்களைப் போடும் நாளில் இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகுதான் பேச்சைத் தொடங்குவது.

ஆனால் குமரிக்காரர்கள் சினிமாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜே.சி. டேனியல். அகஸ்தீஸ்வரத்துக்காரர். சொத்தை விற்று 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அது. ரோசி என்ற தலித் பெண் அதில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் படம் ஓடியபோது, அவரைத் திரையில் அந்த வேடத்தில் பார்க்கப் பொறுக்காதவர்கள் கலவரம் செய்தார்கள், திரை மேல் கல் எறிந்தார்கள். ரோசி ஊரை விட்டே தப்பி ஓட வேண்டியிருந்தது, பிறகு அவர் நடிக்கவே இல்லை. டேனியல் 1975-இல் காலமானார். கேரள அரசு அவர் பெயரில் விருது கொடுக்கத் தொடங்கியது 1992-இல். படச்சுருள் இன்று இல்லை. ஒரு மொழியின் முதல் படத்தின் முதல் காட்சியை உலகத்தில் யாரும் இனிப் பார்க்க முடியாது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. எங்கள் முதல் கூட்டத்தில் படம் எதுவும் போடாமல், வெற்றுச் சுவரின் முன்னால் உட்கார்ந்து இந்தக் கதையைத்தான் பேசினோம்.

மலையாளப் படங்களும் போடுவீர்களா?

போடாமல் எப்படி? 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் இன்றும் இரண்டு மொழிப் படமும் ஒரே ஆர்வத்தோடு பார்க்கப்படுகிறது. சப்டைட்டில் கேட்கிறவர்கள் குறைவு.

அண்மையில் போட்டது 'கும்பளங்கி நைட்ஸ்' (2019). விடுதியில் படிக்கிற பையன் பிராங்கி. லீவுக்கு அவன் வீட்டுக்கு வருகிறோம் என்று நண்பர்கள் சொல்ல, வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று பொய் சொல்லித் தவிர்த்துவிடுகிறான். அப்புறம் தனியாக வீட்டுக்குப் போகிறான். கதவில்லாத, பெண் இல்லாத, நான்கு சகோதரர்கள் அடித்துக்கொள்கிற வீடு. ஒரு சின்னப் பொய்யில் முழுப் படத்தையும் வைத்துவிட்டார்கள். நண்பனை வீட்டுக்குக் கூட்டி வர வெட்கப்பட்ட அந்தப் பையனை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், வீடு கொஞ்சம் கொஞ்சமாக வீடாக மாறுவது நமக்கு இனிக்கிறது.

வெளிநாட்டுப் படங்களில் எதைப் பார்க்கலாம்?

செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968). மூன்று துப்பாக்கிக்காரர்கள் ஓர் அத்துவான ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். பேச்சு ஏறக்குறைய இல்லை, பின்னணி இசையும் இல்லை. ஒரு காற்றாடி கிறீச் கிறீச் என்று சுற்றுகிறது. ஒருவன் முகத்தில் ஈ ஊர்கிறது. ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது. பல நிமிடம் இதுதான். ஆனி ஆடியில் முப்பந்தல் காற்று வீசும்போது ஆரல்வாய்மொழி ஸ்டேஷனில் வண்டிக்கு நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. காற்றுச் சத்தம் காதில் அடைத்துக்கொண்டு, நேரமே நகராமல் நிற்கிற நிலை அது.

'ஜாஸ்' (1975) எங்கள் ஊர்க்காரர்களிடம் நன்றாக எடுபடும். இரவில் ஒரு பெண் கடலில் நீந்துகிறாள், ஏதோ ஒன்று கீழே இழுக்கிறது. சுறா கண்ணில் படவே படாது. பார்த்துவிட்டு குளச்சல் பக்கத்து அண்ணன் ஒருவர், தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பம், "அடியில என்ன கெடக்குன்னு தெரியாததுதான் கடல். படம் எடுத்தவனுக்கு அது தெரிஞ்சிருக்கு" என்றார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கரையில் நின்றவர் அவர்.

'த காட்ஃபாதர்' (1972) இருட்டில் ஒரு குரலோடு தொடங்குகிறது. பிணம் அடக்கம் செய்யும் தொழில் செய்கிற ஒருவர் தன் மகளுக்கு நடந்த கொடுமையைச் சொல்லி நியாயம் கேட்கிறார். கேமரா மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் வருகிறது. கேட்டுக்கொண்டிருப்பவரின் கையும் முதுகும் ஓரத்தில் வரும்போதுதான் அந்த அறையில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தெரிகிறது. வெளியே கல்யாணச் சத்தம். 'டச் ஆஃப் ஈவில்' (1958) ஒரு காரில் வெடிகுண்டு வைப்பதில் தொடங்கி, வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் அந்தக் காரோடும் தெருவோடும் போகிறது. தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். எனக்கு லியோனியின் காற்றாடிதான்.

வசனமில்லாத தொடக்கம் நல்லதா, குரல் பேசித் தொடங்குவது நல்லதா?

இதற்கு விதி கிடையாது. குரல் வந்தால் அது நமக்குக் கண்ணில் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "இதுதான் என் ஊர், இவர்தான் என் அப்பா" என்று, திரையில் ஊரும் அப்பாவும் நிற்கும்போதே சொல்கிற குரல் எனக்கு வேண்டாம்.

பிள்ளைகளோடு வந்தால் எதைப் போடுவீர்கள்?

'த லயன் கிங்' (1994). சூரியன் எழுகிறது, விலங்குகள் கூடுகின்றன, பாறை மேல் குட்டியைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கடைசியிலும் இதே பாறை, வேறொரு குட்டி. ஏழு வயதுப் பிள்ளைகூட "முதல்ல வந்ததுதானே இது" என்று கண்டுபிடித்துவிடும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 'அப்' (2009). அதில் தொடக்கத்தில் ஒரு கணவன் மனைவியின் முழு வாழ்க்கையும் பேச்சே இல்லாமல் சில நிமிடத்தில் போய்விடும். பிள்ளைகள் அமைதியாகப் பார்ப்பார்கள், பெரியவர்கள்தான் கண்ணைத் துடைப்பார்கள்.

மணிரத்னம் படங்களில் 'தளபதி' மட்டும்தானா?

'நாயகன்' (1987) பிடிக்கும். தூத்துக்குடியில், தேடப்படும் தொழிற்சங்கத் தலைவரின் மகனைப் போலீஸ் நல்லவர்போல் விட்டுப் பின்தொடர்கிறது. பையன் தன்னை அறியாமல் அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறான். அப்பா சுடப்படுகிறார், பையன் அந்த அதிகாரியைக் குத்திவிட்டு பம்பாய்க்கு ஓடுகிறான். சட்டத்தின் மேல் வேலு நாயக்கருக்கு ஏன் நம்பிக்கை வரவே இல்லை என்று அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

'ரோஜா' (1992) பற்றி எங்கள் கூட்டத்தில் சண்டையே நடந்திருக்கிறது. காஷ்மீரில் விடியாத நேரத்தில் ராணுவம் ஒரு தீவிரவாதியைப் பிடிக்கிறது. அங்கிருந்து அப்படியே நம் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துக்கு வந்து, சின்னச் சின்ன ஆசைகளைப் பாடுகிற பெண்ணைக் காட்டுகிறார்கள். பாட்டு எல்லோருக்கும் தெரியும், முந்தைய காட்சி பலருக்கு ஞாபகமே இல்லை. பாட்டை மட்டும் டிவியில் பார்க்கும்போது அது வெறும் சந்தோஷம். பனியையும் துப்பாக்கியையும் பார்த்துவிட்டுக் கேட்டால், இந்தப் பெண்ணை நோக்கி என்ன வந்துகொண்டிருக்கிறது என்ற கவலை அடியில் இருக்கிறது. அவளுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். பாட்டுக்கு முந்தைய காட்சி வேகம் குறைவு, தேவையில்லை என்று சொல்கிற நண்பர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

ஆரம்பம் பிரமாதமாக இருந்து படம் சொதப்பினால்?

ஆரம்பத்துக்கும் மதிப்புக் குறையும் என்பது என் கருத்து. கொடுத்த நினைவைப் படம் பிறகு எங்கும் பயன்படுத்தவில்லை என்றால் அது தனியாக எடுத்த நல்ல குறும்படம். அதனால் புதுப் படத்தின் தொடக்கத்தைப் பற்றி முழுப்படம் பார்க்கும் வரை நான் வாய் திறப்பதில்லை.

நான் குறும்படம் எடுக்கிறேன். தொடக்கத்தை எப்படி யோசிப்பது?

குமரிப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் படங்களில் பாதி, கன்னியாகுமரி சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. விவேகானந்தர் பாறை, பக்கத்தில் 133 அடி வள்ளுவர் சிலை, மேலே டிரோன் ஷாட். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது சுற்றுலா வந்தவர் பார்க்கிற குமரி. உங்கள் பாத்திரம் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள்.

தோவாளைச் சந்தையில் விடியும் முன்பே மூட்டை அவிழ்ப்பார்கள். பிச்சிப்பூ வாசனையைத் திரையில் காட்ட முடியாது, ஆனால் குண்டு பல்பின் கீழே ஈரச் சாக்கும் விலை கேட்கிற சத்தமும் அதைக் கொண்டுவந்துவிடும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் பால் வெட்டப் போவார்கள். கறுப்பு இருட்டில் ஒரு வெளிச்சப் பொட்டு நகர்வதும், நிற்பதும், கத்தி பட்டையில் இழுபடும் சத்தமும், சிரட்டையில் வெள்ளைச் சொட்டு விழுவதும் போதும், ஒரு படம் தொடங்கிவிடும். கரையில் மீன் ஏலம் நடக்கும்போது தொகை சொல்கிற வேகம் ஒரு தாளம். அதைக் கேட்டபடி பின்னால் நின்று கணக்குப் போடுகிற ஒரு பெண்ணின் முகத்தைக் காட்டினால், அவள் வீட்டில் இன்றைக்கு என்ன என்று நமக்குக் கவலை வந்துவிடும்.

அப்புறம், கடைசிக் காட்சியை முதலில் எழுதுங்கள். அந்த இடத்தில் பார்க்கிறவருக்கு எது ஞாபகம் வர வேண்டும்? ஒரு சத்தமா, ஒரு பொருளா, ஒருவர் நின்ற விதமா? அதை எடுத்து முதல் காட்சியில் வையுங்கள், வைத்தது தெரியாமல் வையுங்கள். அலாரம் அடித்து ஒருவர் எழுந்து பல் தேய்ப்பதில் தொடங்க வேண்டாம். எழுந்ததும் அவர் வழக்கம்போல் செய்யாமல் விடுகிற ஒரு காரியம் இருந்தால் மட்டும் அங்கே தொடங்குங்கள்.

வீட்டில் ஓடிடியில் பார்க்கிறவர்களுக்கு ஏதாவது?

முதல் பத்து நிமிடம் மட்டும் போனைத் தள்ளி வையுங்கள், விளக்கை அணையுங்கள். தொடக்கத்தைத் தாண்டிப் போகச் சொல்லும் பட்டனை அமுக்காதீர்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் மாடிக்கு விடுவீர்களா?

விடுவோம். யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. மீனாட்சிபுரத்தில் பஸ் நின்றுவிடும், மழை வரும், வீட்டில் வேலை முடியாது, இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை ஓட்டுகிறோம். இரண்டாவது ஓட்டம் தாமதமாக வருகிறவர்களுக்கானது.

போன வருடம் 'தளபதி'யின் தொடக்கத்தைப் போட்ட அன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றும் நாங்கள் போகும்போது ஓட ஆரம்பித்திருந்தார்கள். இரண்டாவது ஓட்டத்துக்கு அம்மா முன் வரிசையில் உட்கார்ந்தார். கூட்ஸ் வண்டி சுவரைத் தாண்டிப் போகும் வரை அசையவில்லை. விளக்குப் போட்டதும் என் பக்கம் திரும்பி, "நீ அன்னைக்கு பஸ்ஸுல கேட்டது இதத்தானா மக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "இன்னொரு மட்டம் போடச் சொல்லு" என்றார். மூன்றாவது தடவையும் ஓட்டினோம்.